வாசல் கோலம்: கை வராதவர்களுக்கும், புதிதாக ஒன்றும் தோன்றாதவர்களுக்கும் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

தினமும் வாசலில் ஒரு கோலம் போட வேண்டும் என்று ஆசை இருக்கும். ஆனால் இழை நடுங்கும், புள்ளிகளைச் சுற்றி இழை பின்னிப் போகும் சிக்குக் கோலம் பாதியில் வழி தவறும், நாலே நாளில் தெரிந்த கோலமெல்லாம் தீர்ந்துபோகும். பெரும்பாலானவர்கள் இந்த மூன்றில் ஏதோ ஒன்றில்தான் நின்றுவிடுகிறார்கள். மூன்றுக்கும் வழி இருக்கிறது. இங்கே சொல்வது புள்ளி வைத்துப் போடும் அன்றாட வாசல் கோலத்தைப் பற்றி மட்டுமே. ரங்கோலியும் பூக்கோலமும் வேறு கலைகள்.

எனக்குப் படம் வரையவே வராது. கோலம் மட்டும் எப்படி வரும்?

படம் வரைய, கண்ணுக்கு முன்னால் இருப்பதன் சாயலைக் கையில் கொண்டுவர வேண்டும். கோலத்துக்கு அது தேவையே இல்லை. இடத்தைப் புள்ளி சொல்லிவிடுகிறது. இழை எங்கே வளையும், எங்கே வெட்டும் என்பதற்கு விதி இருக்கிறது. படம் வராதவர்கள் பலர் அருமையாகக் கோலம் போடுவதற்குக் காரணம் இதுதான்.

கோலத்துக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. பொடி சீராக விழுவது கைவேலை. இழை எந்தப் புள்ளியைச் சுற்றி எந்தப் பக்கம் போகிறது என்பது கணக்கு. இரண்டையும் ஒன்றாக, விடிகாலையில், தெரு பார்க்கக் குனிந்து நின்று கற்றுக்கொள்ள முயன்றால் யாருக்கும் தடுமாறும். அப்போதுதான் "எனக்குக் கை வராது" என்ற பேச்சு வருகிறது. இரண்டையும் பிரித்துவிடுங்கள். கணக்கைக் கட்டம் போட்ட நோட்டில் பென்சிலால் பழகுங்கள். கையைத் தரையில், கணக்கே வேண்டாத வெறும் கோடுகளில் பழக்குங்கள். இரண்டு மூன்று வாரம் இப்படிப் போனபின் சேர்த்தால், வாசலில் இறங்கும்போது பாதிப் பயம் இருக்காது.

எந்தப் பொடி வாங்குவது? கடைப் பொடி திட்டுத் திட்டாக விழுகிறதே?

கடையில் கோலமாவு என்று கிடைப்பது பெரும்பாலும் வெள்ளைக்கல் மாவு. அதில் நைசான ரகமும் உண்டு, ரவை போல நறநறவென்று இருப்பதும் உண்டு. புதிதாகப் பழகுபவர்கள் நறநற ரகத்தையே கேட்டு வாங்குங்கள். நைசான மாவு விரல் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், கொஞ்ச நேரம் விழாமல் நிற்கும், பிறகு மொத்தமாகக் கொட்டும். திட்டு விழுவதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம் ஈரப்பதம். ஐப்பசி, கார்த்திகை மழையில் டப்பாவைத் திறந்து வைத்தால் எந்தப் பொடியும் கட்டி தட்டும். ஒரு மணி நேரம் வெயிலில் காயவைத்து, பழைய மாவுச் சல்லடையில் சலித்து, மூடி போட்ட டப்பாவில் வையுங்கள். சலிக்கும்போது மூக்கில் துணி கட்டிக்கொள்ளுங்கள், ஏனென்றால் கல்தூசி நுரையீரலுக்கு நல்லதல்ல.

வெறும் அரிசி மாவில் போட ஆசைப்படுபவர்கள் கடையில் விற்கும் இடியாப்ப மாவை எடுக்காதீர்கள், அது இழையாக விழாது. பச்சரிசியைக் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி, கொஞ்சம் கொரகொரப்பாக அரைக்க வேண்டும். எறும்புக்கும் அணிலுக்கும் கொஞ்சம் போகட்டும், ஆனால் இழையும் நன்றாக விழ வேண்டும் என்றால் நாலு பங்கு கல்மாவுக்கு ஒரு பங்கு அரிசி மாவு சேர்த்தால் போதும். சுண்ணாம்பு கலந்த பொடி விலை மலிவு, பளிச்சென்றும் இருக்கும். ஆனால் விரல் நுனி வெந்துபோகும். தினசரிக்கு அது வேண்டாம்.

பொடியை எப்படிப் பிடிப்பது? என் கோடு ஒரு இடத்தில் தடித்தும் ஒரு இடத்தில் மெலிந்தும் வருகிறது.

கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு சிட்டிகைப் பொடி எடுத்துக்கொள்ளுங்கள். நடுவிரல் கீழே அண்டை கொடுக்கட்டும். பொடி விழுவது கட்டை விரல் ஆள்காட்டி விரலின் மேல் மெல்ல முன்னால் நகர்வதால்தான். அழுத்தினால் நின்றுவிடும், விரலை அகட்டினால் கொட்டிவிடும்.

விரல் நுனி தரைக்கு மேலே 2 முதல் 3 செ.மீ. உயரத்தில் இருக்கட்டும். அதற்கு மேல் போனால் இழை அகலமாகி ஓரம் மங்கும், தரையை உரசினால் பொடி குவியும். கோடு நடுங்குவதற்கு மணிக்கட்டு மட்டுமே வேலை செய்வதுதான் காரணம். சிறு வளைவுக்கு மணிக்கட்டு போதும். ஒரு சாணுக்கு மேற்பட்ட கோட்டுக்குத் தோளிலிருந்து கை முழுவதும் நகர வேண்டும். இன்னொன்று, மெதுவாகப் போட்டால் நேராக வரும் என்று நினைப்பது தவறு. மிக மெதுவாகப் போகும்போதுதான் ஒவ்வொரு நடுக்கமும் தரையில் பதிகிறது. ஒரு சாண் நீளக் கோட்டை "ஒன்று, இரண்டு" என்று எண்ணி முடிக்கும் வேகம் சரியாக இருக்கும்.

இழுக்கும்போது கண் விரலைப் பார்க்கக் கூடாது. போய்ச் சேர வேண்டிய புள்ளியைப் பாருங்கள், கை தானாக அங்கே போகும்.

பொடி எங்கே தீர்கிறது என்பதையும் கவனியுங்கள். வளைவின் நடுவே தீர்ந்தால் ஒட்டு அப்பட்டமாகத் தெரியும். இரண்டு இழைகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் நிறுத்திவிட்டு அடுத்த சிட்டிகையை எடுங்கள். மேலே இன்னொரு இழை குறுக்கே போகும்போது ஒட்டு மறைந்துவிடும். ஒரு சிட்டிகை எவ்வளவு தூரம் வரும் என்று கைக்குத் தெரிய ஒரு வாரம் பிடிக்கும். முதல் வாரம் கொல்லையிலோ மொட்டை மாடியிலோ தினமும் பத்து நேர்கோடு, பத்து அரைவட்டம், பத்து கண் போடுங்கள். ஒரு புள்ளியைச் சுற்றி இழை விழுந்து தன்னையே வெட்டும் முடிச்சைத்தான் கண் என்கிறோம். இந்த மூன்றும் வந்துவிட்டால் எந்தச் சிக்குக் கோலத்துக்கும் தேவையான கைவேலை முடிந்தது.

தரை எப்படி இருக்க வேண்டும்?

பெருக்கி, தண்ணீர் தெளித்து, நிற்கும் நீரைத் துடைப்பத்தால் தள்ளிவிட்டு, ஐந்து நிமிடம் விடுங்கள். தரை கருத்து ஈரமாக இருக்க வேண்டும், ஆனால் பளபளக்கக் கூடாது. பளபளத்தால் நீர் தேங்கியிருக்கிறது, இழை ஊறிப் பரவும். முழுக்கக் காய்ந்துவிட்டால் முதல் வண்டி போகும்போதே பொடி பறக்கும். சித்திரை வெயிலில் ஐந்து நிமிடம்கூட அதிகம், இரண்டு நிமிடத்தில் தொடங்கிவிடுங்கள். சாணம் தெளித்த மண் வாசல்தான் இதற்கு மிக நல்ல தரை. பொடி அதில் பிடித்து நிற்பது போல சிமென்ட்டில் நிற்காது.

புள்ளி வைக்கும்போதே வரிசை கோணிவிடுகிறது.

மேலிருந்து கீழே வரிசையாக வைத்துக்கொண்டு வந்தால் கோணத்தான் செய்யும், முதல் வரிசையின் பிழை ஒவ்வொரு வரிசையிலும் பெருகிக்கொண்டே வரும். நடு வரிசையை முதலில் வையுங்கள். அதிலும் நடுப்புள்ளியை முதலில் வைத்து, இரண்டு பக்கமும் விரியுங்கள். பிறகு நடு வரிசைக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று மாற்றி மாற்றிப் போங்கள். இப்படிச் செய்தால் பிழை நடுவில் தங்காமல் ஓரத்துக்குப் போகும், ஓரத்தில் அது அவ்வளவாகக் கண்ணில் படாது.

இடைவெளிக்கு ஒரு தென்னை ஈர்க்கை 6 செ.மீ. நீளத்துக்கு ஒடித்து வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் அதை வைத்துப் பார்ப்பது முதலில் அலுப்பாக இருக்கும். சில நாளில் கண்ணுக்கே அளவு தெரிந்துவிடும். 4 செ.மீ.க்குக் கீழே போனால் பழகாத கைக்கு இழைகள் ஒன்றோடொன்று முட்டும்.

பழைய நோட்டுகளிலும் பத்திரிகைகளிலும் வரும் குறிப்பைப் படிக்கத் தெரிந்துகொள்வது நல்லது. "7 புள்ளி, நேர்ப்புள்ளி, 1-ல் நிறுத்தவும்" என்றால் நடுவில் 7, இரு பக்கமும் 5, 3, 1, புள்ளிக்கு நேராகப் புள்ளி. மொத்தம் 25 புள்ளி. "7 புள்ளி, ஊடுபுள்ளி, 4-ல் நிறுத்தவும்" என்றால் நடுவில் 7, இரு பக்கமும் 6, 5, 4, ஒவ்வொன்றும் முந்தின வரிசையின் இரண்டு புள்ளிகளுக்கு நடுவே. மொத்தம் 37. ஊடுபுள்ளியைச் சில ஊர்களில் சந்துப்புள்ளி என்றும் இடுக்குப்புள்ளி என்றும் சொல்வார்கள்.

சிக்குக் கோலம் பாதியில் வழி தவறிவிடுகிறது. ஏன்?

ஏறக்குறைய எப்போதும் ஒரே காரணம்தான். இரண்டு இழைகள் வெட்டும் இடத்தில் நேராகப் போகாமல் திரும்பிவிடுகிறோம். வெட்டும் இடத்தில் இழை எப்போதும் நேராகக் கடக்கும். திரும்புவது புள்ளியைச் சுற்றும்போது மட்டும்தான். இந்த ஒரு விதியை வாயால் சொல்லிக்கொண்டே போட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

மீதிக் குழப்பம் மனப்பாடத்தால் வருவது. "மேலே போ, வலப்பக்கம் வளை, இரண்டு புள்ளி தாண்டு" என்று வழியாக மனப்பாடம் செய்தவர்களுக்கு ஒரு இடத்தில் மறந்தால் மொத்தமும் போய்விடும். வழியை விட்டுவிட்டு, எந்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே வெட்டு இருக்கிறது, எங்கே இல்லை என்று நினைவில் வையுங்கள். அடுத்த கேள்விக்கான பதில் முழுவதும் இதில்தான் நிற்கிறது.

சொந்தமாகப் புதுக் கோலம் போட முடியுமா? அதற்குத் தனித் திறமை வேண்டாமா?

வேண்டாம். ஒரு பென்சிலும், அரை மணி நேரமும், கீழே உள்ள முறையும் போதும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரம் இருக்கிறது என்றால் இதைப் படியுங்கள்.

அடுத்தடுத்த இரண்டு புள்ளிகளுக்கு நடுவே உள்ள இடத்தைச் சந்து என்று வைத்துக்கொள்வோம். ஒரு சந்து திறந்திருக்கலாம், அடைத்திருக்கலாம். திறந்த சந்தில் இரண்டு இழைகள் குறுக்காக வெட்டி அந்தப் பக்கம் போகும். அடைத்த சந்தில் இழை கடக்காது, தன் புள்ளியைச் சுற்றிக்கொண்டு திரும்பிவிடும். ஒரு நேர்ப்புள்ளிச் சிக்குக் கோலம் என்பது எந்தச் சந்து திறப்பு, எந்தச் சந்து அடைப்பு என்ற முடிவுகள்தான்.

இப்போது நோட்டில் 3 புள்ளி, 3 வரிசை வையுங்கள், 2 செ.மீ. இடைவெளியில். 9 புள்ளிகளுக்கு நடுவே மொத்தம் 12 சந்துகள் இருக்கும். அவற்றில் 8 சந்துகளைத் திறக்கப்போகிறோம். திறக்கும் சந்தின் இரு பக்கப் புள்ளிகளையும் மெல்லிய பென்சில் கோட்டால் இணையுங்கள். ஒரே ஒரு நிபந்தனை: இணைப்புக் கோடுகள் எங்கேயும் மூடிய கட்டமாகச் சேரக் கூடாது. கிளை பிரியலாம், வளையலாம், ஆனால் சுற்றி வந்து தொடங்கிய புள்ளியிலேயே முட்டக் கூடாது. அப்படிச் சேராமல் 8 கோடு போட்டுவிட்டால் 9 புள்ளிகளும் தானாகவே ஒன்றோடொன்று இணைந்திருக்கும்.

அடுத்து, ஒவ்வொரு பென்சில் கோட்டின் நடுவிலும் ஒரு சிறு பெருக்கல் குறி போடுங்கள். அந்தக் குறிகளின் கால்களைப் புள்ளிகளைச் சுற்றி வளைவாக இணைத்துக்கொண்டே போங்கள். எந்த வளைவும் பென்சில் கோட்டைப் பெருக்கல் குறி இருக்கும் இடத்தில் அல்லாமல் வேறெங்கும் கடக்கக் கூடாது. முடித்துவிட்டு விரலை வைத்துத் தொடர்ந்து பாருங்கள். கோலம் முழுவதும் ஒரே இழையாக இருக்கும். எப்படி இணைத்திருந்தாலும் சரி, மூடிய கட்டம் இல்லையென்றால் ஒரே இழைதான். இது கணக்கின்படி நிரூபணமான விஷயம், தவறவே தவறாது.

முதல் முயற்சிக்கு ஒரு வடிவம்: நடுப்புள்ளியை நான்கு பக்கப் புள்ளிகளோடும் இணையுங்கள். பிறகு ஒவ்வொரு பக்கப் புள்ளியையும் கடிகார முள் சுற்றும் திசையில் அடுத்து வரும் மூலைப்புள்ளியோடு இணையுங்கள். 8 கோடு ஆயிற்று. பெருக்கல் குறி போட்டு இழுத்துப் பாருங்கள். நான்கு மூலையிலும் ஒவ்வொரு கண் விழும், எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் ஒரே மாதிரி சுழலும், ஒரே இழையில் முடியும்.

இந்த முறையில் 3 புள்ளி 3 வரிசைக்கு மட்டுமே 192 கோலங்கள் இருக்கின்றன, திருப்பிப் பார்த்தால் ஒன்றாகத் தெரிபவற்றையும் தனித்தனியாக எண்ணினால். 4 புள்ளி 4 வரிசைக்கு 1,00,352. தெரிந்த கோலமெல்லாம் தீர்ந்துவிட்டது என்ற கவலைக்கு இதைவிட நல்ல பதில் கிடையாது. பெரிய கோலத்துக்கும் கணக்கு இதேதான்: புள்ளிகளின் எண்ணிக்கையில் ஒன்று குறைத்தால் திறக்க வேண்டிய சந்துகளின் எண்ணிக்கை. 25 புள்ளிக்கு 24. ஊடுபுள்ளிக்கும் இது பொருந்தும்.

எல்லாமே அழகாக இருக்காது என்பதையும் சொல்லிவிட வேண்டும். மனம்போன போக்கில் திறந்தால் ஒரு பக்கம் கனத்து, ஒரு பக்கம் வெறிச்சென்று இருக்கும். நடுவிலிருந்து தொடங்கி, ஒரு பக்கம் எதைத் திறக்கிறீர்களோ அதை மற்ற மூன்று பக்கமும் திறந்துகொண்டே போனால் கோலத்துக்கு ஒரு ஒழுங்கு வரும். பத்து போட்டால் இரண்டு தேறும். அந்த இரண்டும் உங்களுடையவை.

கோலத்தில் இப்படி விதி இருப்பதைக் கணித அறிஞர்களும் எடுத்து ஆராய்ந்திருக்கிறார்கள். 1970களில் தாம்பரம் சென்னைக் கிறித்துவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, அவர்களோடு கமலா கிருத்திவாசன், சிறு விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்திக் கோலங்களை உருவாக்கும் இலக்கணங்களைக் கணினி அறிவியலுக்குள் கொண்டுவந்தார்கள்.

எல்லாச் சந்தையும் திறந்து போட்டால் கோலம் இரண்டு மூன்று இழையாகப் பிரிகிறது. தவறா?

தவறில்லை. மரபான கோலங்களில் பல இழைகள் பின்னியவை ஏராளம். ஒரே இழையில் முடிவது ஒரு தனி இன்பம், அவ்வளவுதான்.

எத்தனை இழை வரும் என்று முன்னாலேயே சொல்லிவிடலாம். செவ்வகமாக வைத்த நேர்ப்புள்ளியில் எல்லாச் சந்தையும் திறந்தால், பள்ளியில் படித்த மீப்பெரு பொது வகுத்திதான் விடை. 4 புள்ளி 6 வரிசை என்றால் 2 இழை. 5 புள்ளி 5 வரிசை என்றால் 5 இழை. 3 புள்ளி 4 வரிசை, 5 புள்ளி 7 வரிசை என்றால் ஒரே இழை. சதுரம் வைத்துவிட்டு ஒரே இழையில் முடிக்கப் போராடுபவர்கள் ஒரு வரிசை கூட்டினாலே போதும்.

சதுரம்தான் வேண்டுமென்றால் இன்னொரு வழி. வேறு வேறு இழைகள் இரண்டு வெட்டிக்கொள்ளும் ஒரு சந்தைத் தேடி அடைத்துவிடுங்கள். அந்த இரண்டு இழையும் ஒன்றாகிவிடும். நோட்டில் ஒவ்வொரு இழைக்கும் ஒரு வண்ணப் பென்சில் எடுத்துக்கொண்டால், இரண்டு வண்ணம் வெட்டும் இடம் சட்டென்று தெரியும். 5 இழை என்றால் இப்படி நாலு முறை அடைத்தால் ஒரே இழை. ஒவ்வொரு முறை அடைத்தபிறகும் வண்ணத்தைத் திரும்பப் பாருங்கள். ஒன்றாகிவிட்ட இழை தன்னைத்தானே வெட்டும் இடத்தை அடைத்தால் அது மறுபடி இரண்டாகப் பிரியக்கூடும்.

யூடியூப் பார்த்துத்தான் போடுகிறேன். அது கலையா?

பார்த்துப் போடுவது கோலத்தில் என்றுமே குறையாக இருந்ததில்லை. அம்மாவின் நோட்டு, அத்தையின் நோட்டு, மார்கழி இதழின் இணைப்பு என்று ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போய்க்கொண்டே இருக்கும் கலை இது. எப்படிப் பார்க்கிறீர்கள் என்பதில்தான் விஷயம். நிறுத்தி நிறுத்திப் பார்த்துக்கொண்டே போட்டால் நூறு கோலம் போட்டாலும் ஒன்றும் தங்காது. முடிந்த கோலத்தின் படத்தை மட்டும் பாருங்கள். அதில் நாலில் ஒரு பங்கை எடுத்து, எந்தச் சந்து திறப்பு, எந்தச் சந்து அடைப்பு என்று நோட்டில் குறியுங்கள். படத்தை மூடிவிட்டு மீதி மூன்று பங்கை நீங்களே முடியுங்கள். மறுநாள் அதே கோலத்தில் இரண்டு சந்துகளை மட்டும் மாற்றுங்கள். புதுக் கோலம் பிறக்கும் இடம் பெரும்பாலும் இதுதான்.

தினமும் என்ன போடுவது என்று தோன்றவே இல்லை.

ஏதோ ஒன்று தோன்றட்டும் என்று காலை ஐந்தரை மணிக்கு வாசலில் நின்று யோசித்தால் தோன்றாது. முந்தின இரவே நோட்டில் முடிவு செய்துவிடுங்கள். அதற்கும் ஒரு எல்லை வைத்துக்கொள்ளுங்கள். இந்த வாரம் முழுவதும் 5 புள்ளி, நேர்ப்புள்ளி, 1-ல் நிறுத்தம் மட்டும். 13 புள்ளிதான். ஏழு நாளும் அதே புள்ளி, வேறு வேறு கோலம். தேர்வு குறையும்போது யோசனை வேலை செய்யத் தொடங்கும், எல்லாம் திறந்து கிடக்கும்போது மனம் திகைத்து நிற்கும்.

பார்க்கும் பழக்கமும் வேண்டும். பழைய வீட்டு ஜன்னல் கம்பி, கோயில் மண்டபத்தின் கல் பலகணி, பத்தமடைப் பாயின் ஓரம், கூடை பின்னல், புடவைக் கரை எல்லாம் புள்ளியில் உட்காரும் வடிவங்கள். பேருந்தில் போகும்போது ஒரு கேட்டின் கம்பி வேலையைப் பார்த்தால், எத்தனை புள்ளிக்குள் இது அடங்கும் என்று கேட்டுப் பாருங்கள். விடையைப் பையில் இருக்கும் சீட்டின் பின்பக்கம் குறித்துக்கொள்ளுங்கள். சென்னையில் இருப்பவர்கள் ஜனவரியில் மயிலாப்பூர் வடக்கு மாட வீதியில் நடக்கும் கோலப்போட்டிக்கு ஒரு முறை போய் வாருங்கள். முடிந்த கோலத்தைவிட, அவர்கள் புள்ளி வைக்கும் வரிசையையும் கை போகும் வேகத்தையும் பார்ப்பது பயன் தரும்.

தெருவில் எல்லோரும் பார்ப்பார்கள். பக்கத்து வீட்டில் இருபத்தொரு புள்ளி போடுகிறார்கள்.

அதனால் நீங்களும் இருபத்தொன்று போடத் தேவையில்லை. சுத்தமான 3 புள்ளிக் கோலம், நடுங்கி முடிந்த 15 புள்ளிக் கோலத்தைவிட வாசலுக்கு அழகு. கோலத்தின் நேர்த்தி அளவில் இல்லை, இழையின் சீரில் இருக்கிறது. பயம் அதிகமாக இருந்தால் முதல் மாதம் நேரத்தை மாற்றுங்கள், தெரு விழிக்கும் முன்னே போட்டு முடியுங்கள். கோலத்தைப் படிக்கு நெருக்கமாக, வாசலின் உள்பக்கமாகப் போடுங்கள். யாராவது நின்று பார்த்தால் கையை நிறுத்தாதீர்கள், நிறுத்திய இடத்தில்தான் இழை தடிக்கும்.

நடுவில் தவறிவிட்டால் மொத்தமும் அழிக்க வேண்டுமா?

வேண்டாம். ஈரத்துணியை விரலில் சுற்றி, தவறான துண்டை மட்டும் ஒற்றி எடுங்கள். தேய்த்தால் வெள்ளையாகப் பூசிவிடும். அந்த இடம் ஊறி ஈரமாக இருக்கும், ஒரு நிமிடம் விட்டு அதன்மேல் போடுங்கள். திறக்க வேண்டாத சந்தைத் திறந்துவிட்டால் இன்னும் எளிது: எதிர்ப்பக்கத்திலும் அதே சந்தைத் திறந்துவிடுங்கள். கோலம் மாறும், ஆனால் ஒழுங்கு கெடாது.

அடுக்குமாடியில் வாசலே இல்லை. டைல்ஸ் தரை.

டைல்ஸில் பொடி வழுக்கும், மின்விசிறிக் காற்றுக்கே நகரும். இரண்டு அடிக்கு இரண்டு அடி கடப்பா கல் ஒன்று வாங்கிக் கதவோரம் போடுங்கள். அதன் கருப்பில் வெள்ளை இழை நன்றாக எடுக்கும், துடைப்பதும் எளிது. எடை கூடாது என்றால் அதே அளவு பிளைவுட்டில் காவி வண்ணம் பூசி வைத்துக்கொள்ளலாம், ஆனால் பளபளக்கும் பெயின்ட் வேண்டாம். சாக்பீஸில் போடுவதும் கோலம்தான். கை பழக அது போதாது, கணக்குப் பழக நன்றாக உதவும்.

மாக்கோலம் போட்டால் இழை தெரியவே இல்லையே?

காயட்டும். ஈரமாக இருக்கும்போது இழை கண்ணாடி மாதிரித்தான் இருக்கும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் வெளுக்கும். இது தெரியாமல் மேலே இன்னொரு முறை இழுத்துவிடுவதுதான் பலரும் செய்வது. காய்ந்தபின் பார்த்தால் இழை இரட்டையாகத் திட்டுத் திட்டாக இருக்கும்.

கால் கப் பச்சரிசியை மூன்று மணி நேரம் ஊறவைத்து, வெண்ணெய் போல நைசாக அரைத்து, கெட்டிப் பால் பதத்துக்குக் கரையுங்கள். ஒரு நடுத்தரப் படிக்கோலத்துக்கு அது போதும். நீர்த்தால் காய்ந்தபின் மங்கும், கெட்டியானால் வெடித்து உதிரும். ஒரு சிறு துணித்துண்டை அதில் நனைத்து உள்ளங்கையில் பிடித்து, மெல்லப் பிழிந்து, மோதிர விரல் நுனி வழியாக மாவு இறங்கும்படி இழுக்க வேண்டும். விரல் தரையைத் தொட்டுக்கொண்டே போகும் என்பதால் நடுக்கம் உள்ளவர்களுக்கு இது பொடிக்கோலத்தைவிட எளிது.

வண்ணம் சேர்க்கலாமா?

இழை சீராகும்வரை வேண்டாம் என்பதே எங்கள் கருத்து. வண்ணம் பிழையை மூடிவிடும், கை எங்கே தவறுகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. ஓரத்தில் ஒரு காவிப் பட்டை போதும், வெள்ளை எடுத்துக் கொடுக்கும். மஞ்சள் வேண்டுமென்று சுண்ணாம்பு கலந்த பொடியில் மஞ்சள் தூளைச் சேர்த்தால் அது சிவந்துபோகும், முன்னால் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்கள் போடலாமா?

தாராளமாக. கோயில் யாகசாலைகளில் குருக்கள்மார் மண்டலக் கோலம் போடுவது வழக்கம்தானே.

காலையில் பத்து நிமிடம்கூட இல்லை.

பெருக்கித் தெளிக்க மூன்று நிமிடம், தரை உலரும் ஐந்து நிமிடத்தில் அடுப்பில் பாலை வைத்துவிடலாம். 9 புள்ளி வைத்து இழுக்கப் பழகிய கைக்கு மூன்று நிமிடம், புதிய கைக்கு ஏழெட்டு. வேலை நாளில் 9 புள்ளி, ஞாயிற்றுக்கிழமை 25 புள்ளி என்று வைத்துக்கொண்டால் விட்டுப்போகாது. விட்டுப்போன நாளுக்காக மறுநாள் பெரிதாகப் போட முயலாதீர்கள். அவசரத்தில் அது பாதியில் நிற்கும், அடுத்த நாளும் கை வராது.

முழங்காலும் இடுப்பும் வலிக்கிறது.

இடுப்பை மட்டும் வளைத்துக் குனிந்து 10 நிமிடம் நிற்பது யாருக்கும் வலிக்கும். நடு வரிசைப் புள்ளியை மட்டும் நின்று வையுங்கள், அப்போதுதான் நேராக வரும். மீதியை ஒரு குட்டை மணையில் உட்கார்ந்து, கோலத்தைச் சுற்றி நகர்ந்து நகர்ந்து போடுங்கள். போட்ட பக்கத்துக்கு மறுபடி போகாதபடி தெருப்பக்கத்தில் தொடங்கி வீட்டுப்பக்கமாக வாருங்கள், புடவை முந்தானையோ சட்டை நுனியோ இழையைத் தொடாது. முட்டி வலி அதிகம் உள்ளவர்கள் இடுப்பு உயர மேசையில் கடப்பா கல்லை வைத்து நின்றே போட்டுவிட்டு, பிறகு இருவர் சேர்ந்து தூக்கிக் கதவோரம் வைக்கலாம். கல்லைச் சாய்க்காமல் தூக்கினால் பொடி நகராது.